வெருகலாற்றங்கரையில் மொழியும் பண்பாடும்: ஆய்வுமுறை பற்றிச் சில குறிப்புகள்

மொழியைத் தனியாகவும் பண்பாட்டைத் தனியாகவும் வைத்து ஆராய்தல் பொருந்தாது என்னும் கருத்து சமூக விஞ்ஞானத் துறைகள் பலவற்றிலும் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டதொன்றாகும். ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணத்தினாலேயே அது கடைப்பிடிக்கப்படுகிறது என்று கொள்வதற்கில்லை. எமது பல்கலைக்கழகங்களிலே மொழியியலாளர் ஓர் அறையிலும் வரலாற்றாசிரியர் அடுத்த அறையிலும் இலக்கிய ஆய்வாளர் மற்றோர் அறையிலும் அமர்ந்து ஒரே மக்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க, அறைகளுக்கிடையே உள்ள சுவர் பெரும்பாலும் இடிபடாமலே நிற்கிறது. இச்சுவரினால் விளையும் நட்டம் ஆய்வாளருக்கு மாத்திரம் உரியதாயிருந்தால் அதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆராயப்படும் மக்களே அந்நட்டத்தைச் சுமக்க நேர்ந்த ஓரிடத்தை எடுத்துக்கொண்டு இவ்விடயத்தைப் பரிசீலிப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1911 ஆம் ஆண்டு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலேதான் அமெரிக்க ஆதிக்குடிகளின் மொழிகள் பற்றிய கைந்நூலின் முதற்றொகுதியை பிரான்ஸ் போவாஸ் வெளியிட்டார். ஓரினத்தின் மொழியை அறியாது அதன் பண்பாட்டை அறிய முற்படுவது வீண்முயற்சி என்பதையும், இனம், மொழி, பண்பாடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தவறாது பொருந்திவரும் என எதிர்பார்த்தல் பிழை என்பதையும் அந்நூலின் முன்னுரை தெளிவுபடுத்திற்று. ஒரு மக்கட்கூட்டம் தன் மொழியை மாற்றிக்கொண்டும் தன் பண்பாட்டைப் பேணலாம். பண்பாட்டை மாற்றிக்கொண்டும் மொழியைப் பேணலாம். அதே ஆண்டிலேதான் சி. ஜி. செலிக்மனும் பிறெண்டா செலிக்மனும் இலங்கை வேடர் பற்றி எழுதிய பெருநூல் கேம்பிறிட்ஜிற் பிரசுரமாயிற்று. அதே ஆண்டிலேதான் இலங்கைக் குடித்தொகை மதிப்பீடு 5,332 வேடரைக் கணக்கிட்டது. இம்மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. போவாஸின் எச்சரிக்கையைச் செலிக்மன் தம்பதியர் கருத்திற் கொண்டிருப்பின் அவர்களுடைய நூலில் ஓர் அத்தியாயமேனும் வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும். அவ்வத்தியாயம் கிழக்குக் கரையோர வேடரைப் பற்றியது.

கரையோர வேடர் வாழும் பிரதேசத்தின் நடுநாயகமான இடங்களுள் ஒன்று வெருகல். மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவை அடையுமுன் அதிலிருந்து பிரிந்து வரும் கிளையே வெருகலாறு. திருகோணமலை மாவட்டத்தையும் மட்டக்களப்பு மாவட்டத்தையும் பிரிக்கும் எல்லையாகவும் அது அமைகிறது. ஆற்றங்கரையிலே சித்திரவேலாயுதர் கோயில். வடக்கே ஈச்சிலம்பற்று, பூநகர், இலங்கைத்துறை முகத்துவாரம். தெற்கே கதிரவெளி, பால்சேனை, வாகரை, பனிச்சங்கேணி. கதிர்காமத்துக்குக் கரையோரமாக நடந்து செல்லும் அடியார் இங்கு தங்கிச் செல்வர். ஆற்றுக்குப் பாலம் அமைவதற்கு முன்னர் மனிதரும் வண்டிகளும் 'பாதை' எனப்படும் மிதவையிலேதான் அக்கரை சென்றனர். 'பாதை' என்ற சொல்லுக்கு நீரின்மேற் செல்லும் கலம் எனப் பொருள்கொள்ளும் வழக்குக் கிழக்கிலங்கைக்குச் சிறப்பாக உரியது. ஆறுகளும் களப்புகளும் குறுக்கறுக்கும் கரையிலே வழி என்பதே மிதந்து செல்வதாயிருந்தது போலும்.

இவ்வூர்ப் பெயர்களைச் சற்று உற்றுநோக்குதல் பயனுடையது. சேனை, வெளி, கேணி, துறை, வில், மடு, பற்று என முடியும் பெயர்களே இங்கு மிகுதி. சேனை என்பது காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பெயர்ச்சிப் பயிர்நிலம். சிங்களத்தில் அது ஹேன. 'பற்று' நிருவாகப் பிரிவு. வன்னியரின் ஆட்சியையும் பின்னர் ஒல்லாந்தர், ஆங்கிலேயரின் வரிவசூலையும் நினைவூட்டுவது. ஆக, ஒரு சில காத தூரத்துள் அமைந்த ஊர்களின் பெயர்களிலேயே வேட்டையும் சேனைப் பயிரும், மீன்பிடியும், நீர்ப்பாசன வேளாண்மையும், அதன்மீதெழுந்த வரியமைப்பும் படிந்து கிடக்கின்றன. இலங்கைத்துறை என்று தமிழர் வழங்கும் இடத்தையே சிங்கள மக்கள் லங்காபட்டுன என்பர். துறையும் பட்டினமும் ஒரே தொழிலைச் சுட்டுவன. பெயர் எவருடையது என்ற வழக்கிலே தொழிலை மறந்துவிடுகிறோம்.

வேடரைப் பற்றி மேனாட்டார் எழுதியவற்றின் வரலாறு சுவையானது. 1681 இல் நூல் வெளியிட்ட றொபேட் நொக்ஸ் 1660 இல் இதே கொட்டியாரத்திலேதான் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எமேர்சன் ரெனன்ற் கரையோர வேடரைத் தனியொரு பிரிவினராகக் குறிப்பிட்டார். 1881 இல் பேர்லினிலிருந்து விர்ச்சோவும், அதன்பின் சுவிற்சர்லாந்தின் சரசின் ஒன்றுவிட்ட சகோதரரும் வேடரின் மண்டையோடுகளை அளந்தனர். மனித குலத்தின் ஆதிநிலையைக் காட்டும் 'தூய' எச்சமொன்றைத் தேடிய காலம் அது. அத்தேட்டத்தில் தமிழ் பேசும் வேடருக்கு இடமிருக்கவில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஹியூ நெவில் என்ற குடியியற் சேவை உத்தியோகத்தர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கடமையாற்றியவர். 1885 முதல் அவர் நடத்திய 'தப்ரபேனியன்' என்னும் சஞ்சிகையில் வேடர் வழக்காறும், தமிழ்ச் சுவடிகளும், நாட்டார் பாடல்களும், இடப்பெயர்களும், நாணயங்களும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. அவருடைய முடிபுகள் பலவற்றை இன்று எவரும் ஏற்கமாட்டார். எனினும் துறைகள் பிரிந்து இறுகுமுன் எழுதியமையால், ஒரு பாடலை அதன் சடங்கிலிருந்தும் ஒரு சடங்கை அதன் மொழியிலிருந்தும் பிரிக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. முறையியற் செம்மை இல்லாத ஒருவர் காலனித்துவ அதிகாரியாயிருந்தும் இதனைச் செய்ய முடிந்தது என்பது நமக்குச் சற்றுக் கூச்சத்தைத் தரவேண்டிய செய்தியாகும்.

செலிக்மன் தம்பதியர் 1907 - 1908 இல் கள ஆய்வு செய்தனர். அவர்களுடைய நூல் இன்றும் வேடர் பற்றிய ஆய்வின் அடிப்படை நூல். அதன் பெரும்பகுதி உள்நாட்டு வேடருக்குரியது. கரையோர வேடர் தமிழ் பேசுவோராயும் மீன்பிடித்து வாழ்வோராயும், அயற்றமிழரோடு கலந்தோராயும் இருந்தமையால் அவர்கள் சிதைந்துபோன ஒரு கிளையினராகவே தோன்றினர். ஆயினும் நேர்மையுள்ள ஆய்வாளராதலின் அவர்கள் கண்டதைப் பதிவு செய்தனர். அப்பதிவுகளுள் முக்கியமானது 'கப்பற்பேய்' எனும் தெய்வத்துக்குச் செய்யப்படும் சடங்கு. கடலுக்கப்பாலிருந்து கப்பலில் வந்த ஆவிகளை வேண்டி, கப்பலின் உருவமொன்றைச் செய்துவைத்து ஆடும் சடங்கு அது. காட்டிலே தேனெடுத்துத் திரிந்தவராகச் சித்திரிக்கப்படும் ஒரு மக்கட்கூட்டத்தின் வலிமைமிக்க தெய்வங்களுள் ஒன்று கப்பலில் வருகிறது! இதனைத் தூய்மையின் சிதைவு என்று தள்ளிவிடலாம். அல்லது, கொட்டியாரத் துறைமுகத்தில் நூற்றாண்டுகளாக வந்துபோன அயற்கப்பல்களோடு இம்மக்கள் கொண்ட உறவின் வரலாறு இச்சடங்கில் உறைந்துள்ளது என்று கொள்ளலாம். இரண்டாவது வழியே வரலாற்றாய்வாளருக்குரியது. ஆனால் அதற்குச் சடங்கிற் பாடப்படும் சொற்களை அறிதல் வேண்டும். துறைமுகத்தின் ஆவணங்களை அறிதல் வேண்டும். கப்பலிற் சென்றோருக்கு இம்மக்கள் எதை விற்றனர், யாருக்கு எவ்வூழியம் செய்தனர் என்பதை அறிதல் வேண்டும். ஒரு துறையினர் தனித்து நின்று இதனைச் செய்ய முடியாது.

குடித்தொகை மதிப்பீட்டுக்கு மீள்வோம். 1911 இல் 5,332 ஆக இருந்த வேடர் 1946 இல் 2,361 ஆயினர். 1953 இல் 803. 1963 இல் 400. அதன்பின் அவர்களுக்கெனத் தனிநிரல் வழங்கப்படவில்லை. இப்புள்ளிகளைக் கொண்டு 'அழிந்துவரும் இனம்' என்று எழுதுவது வழக்கமாயிற்று. ஆனால் 1946 க்கும் 1953 க்கும் இடைப்பட்ட ஏழாண்டுகளிற் பெருங்கொள்ளைநோயோ பஞ்சமோ வேடரை மூன்றிலொரு பங்காகக் குறைத்துவிடவில்லை. மாறாக, டி.டி.ரீ. தெளிப்பினால் மலேரியா கட்டுப்படுத்தப்பட்டு வரண்ட வலயத்தின் இறப்பு வீதம் சடுதியாக வீழ்ச்சியடைந்த காலம் அது. மக்கள் மாண்டுபோகவில்லை; நிரல்களிடையே இடம் மாறினர். சிங்களம் பேசியோர் சிங்களவராகவும் தமிழ் பேசியோர் தமிழராகவும் பதியப்பட்டனர். பேசும் மொழியே இனத்தின் அளவுகோலாகக் கொள்ளப்பட்ட ஒரு நாட்டிலே இது இயல்பாகவே நிகழக்கூடியதாகும். 1956 இல் அரசகரும மொழிச் சட்டம் வந்தபின்னர் அவ்வளவுகோல் மேலும் இறுகியது. மொழியும் பண்பாடும் இனமும் ஒன்றே எனக்கொள்ளும் அரசியல் இருபுறத்தும் வலுப்பெற்றபோது, தமிழ் பேசும் வேடர் என்ற தொடரே முரண்தொடராகத் தோன்றலாயிற்று. சிங்களத் தேசியவாதம் உள்நாட்டு வேடரைத் தன் தொல்வரலாற்றின் காட்சிப் பொருளாக்கியது. தமிழ்த் தேசியவாதம் கரையோர வேடரைத் தமிழரென எண்ணி மேற்சென்றது. எண்ணிக்கைக்கு வேண்டியவராயிருந்தனர், அவர்களது வரலாறு வேண்டப்படவில்லை.

இதே காலத்தில் நிலமும் மாறிக்கொண்டிருந்தது. 1935 இன் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வழிவந்த குடியேற்றக் கொள்கை கொட்டியாரப்பற்றில் அல்லைத் திட்டமாக 1950களில் உருப்பெற்றது. 1937 இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. சேனைப் பயிரை அழிவுத்தொழிலாகவே அதிகாரிகள் கருதினர். எனவே வேடர் என்ற பெயர் சுட்டிய தொழில்கள் யாவும் சட்டத்துக்குப் புறம்பானவையாகிக்கொண்டிருந்த வேளையிலே அப்பெயரை எழுத்தாளரிடம் கூறுவதற்கு மக்கள் தயங்கியிருப்பின் அதில் வியப்பில்லை. பெயர் மறைவதற்கும் தொழில் மறுக்கப்படுவதற்கும் இடையேயுள்ள இவ்வுறவைக் குடித்தொகையியலாளர் காணவில்லை. மொழியியலாளருக்கு அது தம் துறைக்குட்பட்டதாகத் தோன்றவில்லை.

மொழியியலாளரைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. இலங்கைத் தமிழ் பற்றிய ஆய்வு 1960கள் முதல் கணிசமாக வளர்ந்துள்ளது. மட்டக்களப்புத் தமிழின் தனித்தன்மைகளைக் கமில் சுவெலபில் எடுத்துக்காட்டினார். 1970 இல் சு. சுசீந்திரராசா யாழ்ப்பாணத் தமிழிற் சமூக வேறுபாடுகள் பிரதிபலிக்குமாற்றை விளக்கினார். 1978 இற் சாதியும் மொழியும் பற்றி மீண்டும் எழுதினார். விளிப்பெயரிலும் வினைமுற்றிலும் மரியாதை எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை ஆராய்ந்தால் நிலவுடைமைச் சமூகமொன்றின் அமைப்பே புலப்படும் என்பதற்கு அவை சான்று. 1972 இல் சுகதபால த சில்வா வேடர் மொழி பற்றிய நூலில், அது சிங்களத்தை அடிப்படையாகக் கொண்டு, முன்பிருந்த வேறொரு மொழியின் எச்சங்களையும் உட்கொண்டு உருவான கலப்புமொழி என்னும் கருத்தை முன்வைத்தார். ஆனால் அவ்வாய்வு உள்நாட்டு வேடரின் பேச்சையே பொருளாகக் கொண்டது. தமிழியலாளருக்கு வெருகலின் பேச்சு மட்டக்களப்புக் கிளைமொழியின் ஓரத்து வடிவம். வேடர் மொழியாய்வாளருக்கு அது வேடர் மொழியே அன்று. இரண்டு எல்லைகளுக்கும் வெளியே, ஆற்றின் இருகரையிலும், அம்மக்கள் பேசிக்கொண்டேயிருந்தனர்.

அவர்கள் நாளாந்தம் பேசுவது தமிழே. 'மறுகா', 'கிறுகு' போன்ற கிழக்கின் சொற்கள் செறிந்த தமிழ். சடங்கிலே தெய்வமேறி ஆடும்போது மட்டும் அன்றாடத் தமிழில் வழங்காத சொற்கள் ஒலிக்கும். அதனை வேடபாஷை என்பர். சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி முதியவர் ஒருவரிடம், "உங்கட பாஷை எது, ஐயா?" என்று வினவினேன். "பேசிறது தமிழ்தான் தம்பி. தெய்வத்தோட பேசிறத்துக்கு வேற இருக்கு" என்றார். ஒரு சமூகத்தில் எந்த மொழி எப்போது, யாரிடம், எதன்பொருட்டுப் பேசப்படுகிறது என்பதே மொழியாய்வின் முதல் வினா என்று டெல் ஹைம்ஸ் 1960களில் வாதிட்டதை, அவர் பெயரை அறியாத அம்முதியவர் இரண்டு வாக்கியங்களிற் சொல்லிவிட்டார்.

தொழிலுக்கும் மொழிக்குமுள்ள உறவை ஆராய்வதற்குக் கிழக்கிலங்கையின் களவெட்டியைவிடச் சிறந்த இடம் வேறில்லை. வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இவ்வகைச் செய்திகளின் களஞ்சியம். சூடடித்து நெல்லைப் பொலியாக்கும் இடத்திலே நாளாந்தச் சொற்கள் விலக்கப்படுகின்றன. வாயகன்ற கலம் 'பெருவாயன்' ஆகிறது. சூடு மிதிக்கும் மாடு 'வாரிக்காலன்' ஆகிறது. பெயரைச் சொன்னால் பூதங்கள் பொலியைக் கவர்ந்து செல்லும் என்பது நம்பிக்கை. சிங்கள விவசாயிகளிடத்தும் 'கமத்' மொழி என இதற்கு நிகரான வழக்குண்டு. வேடர் வேட்டைக்குச் செல்லும்போது விலங்கின் பெயரை நேரே கூறாது சுற்றிவளைத்துக் கூறுவதும் இதனோடு ஒப்பிடத்தக்கது. மூன்று மக்கட்கூட்டத்தினர், மூன்று மொழிகள், இரண்டு தொழில்கள். ஆயினும் மொழியைக் கையாளும் முறை ஒன்று. மொழிக்குடும்பப் பாகுபாட்டை மாத்திரம் நம்பியிருப்போருக்கு இவ்வொற்றுமை தென்படாது. றொபிறியண்ட் தீவுகளின் தோட்டச் செய்கையை ஆராய்ந்த மலினோவ்ஸ்கி, மந்திரமும் தோட்டவேலையும் ஒரே மொழியின் இரு பக்கங்களாக அமைவதை 1935 இல் ஒரு தொகுதி முழுவதிலும் விளக்கினார். எமது களவெட்டிக்கு அத்தகைய தொகுதி இன்னும் எழுதப்படவில்லை.

களவெட்டி மொழிக்கு ஒரு வர்க்க விளக்கம் கூறுவது எளிது. நெல் அளக்கப்படும் இடம் அது. போடியாரின் பங்கு, முல்லைக்காரனின் பங்கு, கோயிலின் பங்கு, முன்னர் வன்னிபத்தின் பங்கு, பின்னர் அரசின் வரி என யாவும் அங்கேயே பிரிக்கப்பட்டன. விளைந்ததை வெளிப்படையாகக் கூறாதிருக்கும் வழக்கம் பொலியைக் கவரும் பூதத்துக்கு மட்டுமன்றி, பொலியைக் கவரும் மனிதருக்கும் எதிரானதாயிருக்கலாமன்றோ? இவ்விளக்கம் எனக்கு நெடுங்காலம் உவப்பாயிருந்தது. ஆனால் வேட்டையாடும் வேடருக்கு வாரமும் இல்லை, குத்தகையும் இல்லை. எனினும் பெயர்விலக்கு அவர்களிடத்தும் உண்டு. எனவே பெயர்விலக்கைச் சுரண்டலின் விளைவு எனக்கொள்ள முடியாது. அதனினும் தொன்மையானதொரு தொழில்நிலையிலே, இயற்கையின் மீது மனிதனுக்கிருந்த கட்டுப்பாடு குறைவாயிருந்தபோது, சொல்லே கருவியாகப் பயன்பட்டமை அதன் தோற்றுவாயாகலாம். மொழியின் ஊற்றைக் கூட்டுழைப்பிற் கண்ட ஜோர்ஜ் தொம்சனின் கருத்து இங்கு துணைசெய்கிறது. நிலவுடைமை தோன்றியபின் அப்பழைய கருவிக்குப் புதிய பயன் ஒன்று வாய்த்திருக்கலாம். வடிவம் ஒன்றாயிருக்க அதன் சமூகப் பயன் மாறுவதே நாம் தடம்பிடிக்க வேண்டியது.

இவ்விடத்திலே மார்க்சியர் தம்முள் நடத்திய ஒரு விவாதத்தை நினைவுகூர்தல் வேண்டும். மொழி மேற்கட்டுமானத்தின் ஒரு பகுதி, வர்க்கத்துக்கு வர்க்கம் மொழி வேறு என்ற மாரின் கொள்கையை 1950 இல் ஸ்டாலின் நிராகரித்தார். மொழி அடித்தளமுமன்று, மேற்கட்டுமானமுமன்று, சமூகம் முழுவதற்கும் பொதுவானது என்றார். மாரின் கற்பனைகளை ஒதுக்கியவரையில் அது சரியே. ஆனால் பொதுமொழி என்று கூறி அமைந்துவிடுவதால், அப்பொதுமொழியினுள்ளே நிகழும் போராட்டம் மறைந்துவிடுகிறது. 1929 இலேயே வொலோஷினொவ், வர்க்கங்கள் ஒரே மொழியைப் பயன்படுத்துவதனாலேயே ஒவ்வொரு சொல்லும் அவற்றின் மோதற்களமாகிறது என்று எழுதியிருந்தார். 'வேடன்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். குடித்தொகை எழுத்தாளனின் ஏட்டில் அது ஓரினப் பெயர். ஊரிற் பிறரின் வாயில் வசை. வள்ளி கதையில் தெய்வத்துக்குப் பெண்கொடுத்த குலத்தின் பெருமை. ஒரு சொல்லின் பொருளை அகராதியில் தேடினால் இம்மூன்றும் கிடைக்கா.

வள்ளியைக் குறிப்பிட்டதனால் கோயிலுக்கு வருகிறோம். வெருகற் கோயிலைப் பாடிய நூல்களுள் தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் இயற்றிய 'சித்திரவேலாயுதர் காதல்' புகழ்பெற்றது. உலாவரும் இறைவன்மீது காதல்கொண்ட பெண்ணின் நிலையைக் கூறும் பிரபந்த வகை அது. எமது இலக்கிய வரலாறுகள் அதன் சொல்லினிமையைப் பாராட்டி அடுத்த நூலுக்குச் சென்றுவிடும். கோயில் மதிலின் உபயத்தைக் கூறும் கல்வெட்டில் கயிலாய வன்னியனாரின் பெயர் வருவதை வரலாற்றாசிரியர் குறித்துக்கொள்வர். பிரபந்தத்தையும் கல்வெட்டையும் ஒருசேர வைத்துப் படித்தால் வேறொன்று தெரியவரும். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தழித்தபின், தம்பலகாமமும் கொட்டியாரமும் கண்டியரசின் செல்வாக்குக்குட்பட்ட உள்நிலங்களாக நின்று, அழிந்த பெருங்கோயிலின் மரபுகளைத் தாங்கின. முதலியார் என்ற பட்டமுடையவர் பாடுகிறார்; வன்னியனார் உபயம் செய்கிறார். உள்ளூர் அதிகாரம் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளும் மொழியாகப் பக்தி இலக்கியம் அமைகிறது. அப்பக்தியின் நடுவே இருப்பவனோ வேடர் மகளை மணந்தவன். உயர்வழக்குத் தமிழ் வேடரை வேண்டி நிற்பது கதைக்காக மட்டுந்தானா, அன்றி அக்காட்டின் பழைய உரிமையாளரை அணைத்துக்கொண்டன்றிக் கோயில் அங்கு வேரூன்ற முடியாதிருந்ததா? தெய்வத்தின் திருமணத்தை நில உரிமையின் ஆவணமாகவும் படிக்கலாம் என்பதை மானிடவியலாளர் நமக்குக் கற்பித்துள்ளனர்.

கவிராச வரோதயன் பெயரால் வழங்கும் 'கோணேசர் கல்வெட்டு' இவ்வகையில் இன்னும் தெளிவான சான்று. அது கல்லில் வெட்டப்பட்டதன்று. செய்யுளும் உரைநடையும் விரவிய ஏட்டு நூல். குளக்கோட்டன் கோயிலுக்கெனக் குடிகளை வருவித்து, தானத்தார், வரிப்பத்தார் எனப் பிரித்து, இன்னார் இன்ன ஊழியம் செய்க என விதித்ததாகவும், மேற்பார்வைக்கு வன்னியரை நியமித்ததாகவும் அது கூறும். குளக்கோட்டன் உண்மையில் வாழ்ந்தானா, எந்நூற்றாண்டினன் என்ற வினாவிலே வரலாற்றாசிரியர் பலர் தம் ஆற்றலைச் செலவிட்டனர். அதனினும் முதன்மையான வினா, ஏட்டில் எழுதியதைக் 'கல்வெட்டு' என அழைக்கவேண்டிய தேவை யாருக்கு ஏற்பட்டது என்பதே. உழைப்புப் பங்கீட்டை மாற்றவொண்ணாத கல்லெழுத்தாகக் காட்டவேண்டியிருந்த காலமும் வர்க்கமும் எவை? நூலின் பெயரிலேயே அதன் சமூகப் பணி அடங்கியுள்ளது. இலக்கிய வடிவம் பற்றிய அறிவின்றி வரலாற்றாசிரியர் இவ்வினாவைக் கேட்கமாட்டார். உற்பத்தி உறவுகள் பற்றிய அறிவின்றி இலக்கிய ஆய்வாளர் அதற்கு விடைகாணமாட்டார்.

துறைகளை ஒருங்கிணைக்கும் ஆய்வுமுறைக்கு மேனாட்டாரையே எதிர்நோக்கியிருக்க வேண்டுமென்பதில்லை. நிலமும் பொழுதும், தெய்வமும் உணவும், தொழிலும் பறையும், அவற்றோடு இசைந்த உணர்வும் மொழியும் என யாவற்றையும் ஒரே அமைப்பாகக் கண்ட திணைக் கோட்பாடு நம்மிடமுண்டு. க. கைலாசபதி 1968 இல் வீரயுகப் பாடல்களை வாய்மொழி மரபின் வழி விளக்கியபோதும், கா. சிவத்தம்பி 1974 இல் திணைகளை ஏற்றத்தாழ்வான சமூக வளர்ச்சியின் வெளிப்பாடாக விளக்கியபோதும் அக்கோட்பாட்டைச் செய்யுளிலக்கணம் என்ற கூட்டினுள்ளிருந்து வெளிக்கொணர்ந்தனர். வெருகலிலே அவ்வேற்றத்தாழ்வான வளர்ச்சியைக் கண்ணாற் காணலாம். கடற்கரையிலிருந்து மேற்கே நடந்தால் மணலும் களப்பும், வண்டல் வயலும், மேய்ச்சல் வெளியும், சேனையும் காடும் அடுத்தடுத்து வரும். ஒரே வேடக் குடும்பம் ஓராண்டினுள் ஆற்றில் மீன்பிடித்து, காட்டில் தேனெடுத்து, சேனை வெட்டி, பிறர் வயலிற் கூலிக்கு அருவி வெட்டுகிறது. திணைகள் அங்கே பாட்டில் மயங்கவில்லை, வயிற்றுக்காக மயங்குகின்றன. ஆனால் எம் ஆசான்மார் வகுத்த வழியிற் சென்ற நாம், அவ்வழி சங்கப் பாடல்களோடு முடிந்துவிடுவதாகக் கருதிக்கொண்டோம். ஏட்டில் உள்ள வேட்டுவரைப் பற்றி எழுதிய கட்டுரைகளின் தொகைக்கு, வெருகலில் உள்ள வேடரைப் பற்றி மார்க்சிய இலக்கிய ஆய்வாளர் எழுதியவை ஈடாகா. நானும் அவ்வரிசையிலிருந்து விலக்கானவன் அல்லன்.

1990 இல் ஜோன் டார்ட் கரையோர வேடரின் ஓரநிலையை ஆராய்ந்தார். 1995 இல் யுவி தங்கராஜா கிழக்குக் கரை வேடர் தம்மைப் பாதிக்கப்பட்டோராகக் கூறும் கதைகளின் வழி தம் அடையாளத்தை அமைத்துக்கொள்வதைக் காட்டினார். அதாவது, வேடர் என்னும் அடையாளம் பழைய எச்சமாக மாத்திரமன்றி, நடப்பு வரலாற்றிலே பேச்சினால் மீண்டும் மீண்டும் ஆக்கப்படுவதாகவும் இருக்கிறது. அதற்குப் பின்னரும் வரலாறு நிற்கவில்லை. 2004 டிசெம்பரிற் கடல் வந்தது. 2006 இற் போர் மூண்டபோது ஈச்சிலம்பற்று, வெருகல் மக்கள் வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் சென்றனர். முகாமிலே எல்லோருக்கும் ஒரே படிவம். 2007 இல் ஊர்திரும்பியோர், முன்னர் சென்றுவந்த காடுகளுக்கும் சேனைகளுக்கும் தமக்குள்ள உரிமையைக் காட்ட ஆவணம் கேட்கப்பட்டால் எதைக் காட்டுவர்? உறுதி எழுதி நிலம் ஆண்டவர் அல்லர் அவர்கள். அவர்களிடம் உள்ளவை இடப்பெயர்களும் சடங்குகளும், எந்தத் தெய்வம் எந்தக் காட்டு எல்லையைக் காக்கிறது என்று கூறும் பாடல்களுமே. அவற்றைச் சான்றாக ஏற்பதற்கு நீதிமன்றம் ஆயத்தமாயில்லை. அவை சான்றுகளாகக்கூடும் என்று எடுத்துரைக்க வேண்டிய நாமோ, பாடலை நாட்டாரியலுக்கும், இடப்பெயரை மொழியியலுக்கும், சடங்கை மானிடவியலுக்கும், எல்லையைப் புவியியலுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டோம்.

கப்பற்பேய்ச் சடங்கு இன்றும் நடைபெறுகிறது. இளைஞர் சிலர் அதனைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வைத்துள்ளனர். நான் கேட்ட ஓர் ஒலிப்பதிவில் தமிழ்ச் சொற்களிடையே சிங்களமும், வேறு எம்மொழியெனத் துணியவியலாத சொற்களும் மாறிமாறி வந்தன. ஒலிப்பதிவைக் காட்டிய இளைஞனுக்கு அவற்றுட் பாதிக்குப் பொருள் தெரியவில்லை. "அப்பப்பாக்குத் தெரியும், சேர். அவருக்குத் தெய்வம் வந்தாத்தான் சொல்லுவார்" என்றான். அடுத்த சடங்கு ஆவணிக்குப் பின் என்றும், வருவதாயின் இரவு தங்கும்படி வரவேண்டும் என்றும் கூறினான்.